மளிகைக்குக் கூடுதலாகச் செலவழித்தால் மனம் உறுத்துகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மளிகைப் பையை வீட்டில் இறக்கி வைக்கும்போதே, "இந்த முறையும் கூடிப்போய்விட்டதே" என்று மனத்தில் ஒரு முள் தைப்பது பலருக்கும் பழக்கமான அனுபவம். வாங்கியவை அனைத்தும் குடும்பத்தின் வயிற்றுக்குத்தான் என்று தெரிந்திருந்தும் அந்த முள் தைக்கத்தான் செய்கிறது. அந்த உறுத்தல் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவு நியாயம், எதை மாற்றலாம், எதை அப்படியே விட்டுவிடலாம் என்பவற்றை ஒட்டி எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுத முயன்றிருக்கிறேன்.

வாடகையும் தவணையும் இதைவிடப் பெரிய தொகைகள். அவற்றைக் கட்டும்போது உறுத்தாத மனம் மளிகையில் மட்டும் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

வாடகையை ஒருமுறை முடிவு செய்துவிட்டால் பிறகு மாதாமாதம் அது தானாகப் போகிறது. தவணையோ நம் கண்ணில் படாமலேயே வங்கிக் கணக்கிலிருந்து கழிந்துவிடுகிறது. மளிகை அப்படியில்லை. ஒவ்வொரு பொருளையும் நம் கை எடுக்கிறது, ஒவ்வொன்றுக்கும் "இது வேண்டுமா, வேண்டாமா" என்ற கேள்வி எழுகிறது, இறுதியில் எல்லாம் சேர்ந்து ஒரே எண்ணாக ரசீதின் அடியில் வந்து நிற்கிறது. ஐம்பது சிறு முடிவுகளுக்கான பொறுப்பு ஒரே நொடியில் நம் தலையில் இறங்குவதுபோல் அது இருக்கிறது.

பணம் கையை விட்டுப் போகும் கணத்தில் எழும் இந்த வலியைப் பற்றி டிராசென் பிரெலெக்கும் ஜார்ஜ் லோவன்ஸ்டைனும் 1998இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். செலுத்துதலும் நுகர்தலும் மனத்தில் எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருக்கின்றன என்பதைப் பொறுத்தே வலி கூடுவதும் குறைவதும் அமைகிறது என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மளிகையில் அந்தப் பிணைப்பு மிக இறுக்கமானது: எந்தப் பொருளுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது வரி வரியாக அச்சாகிக் கையில் இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. மாதச் செலவுகளில் நினைத்தவுடன் சுருக்கக்கூடியதாகத் தோன்றுவது மளிகை மட்டுமே. எங்கே துண்டு விழுந்தாலும் "இதில் கொஞ்சம் இழுத்துப் பிடித்திருக்கலாமே" என்று பழி இதன் மேல்தான் போடப்படுகிறது. வேறு எங்கோ கசிந்த பணத்துக்கும் சேர்த்து இதுவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே தொகையைப் பயணத்துக்கோ உடைக்கோ செலவழித்தால் மகிழ்ச்சியாக இருக்கிறது. மளிகையில் அதே தொகை கூடினால் தவறு செய்ததுபோல் இருக்கிறது. இது முரண் இல்லையா?

முரண்தான், ஆனால் மனித மனத்துக்குப் பொதுவான முரண். நாம் பணத்தை ஒரே குவியலாக நினைப்பதில்லை. மனத்துக்குள் தனித்தனி உண்டியல்கள் வைத்துக்கொள்கிறோம். இதை மனக் கணக்கு என்ற பெயரில் 1985இல் விரிவாக எழுதிய ரிச்சர்ட் தேலர், நடத்தைப் பொருளாதாரத்துக்கான பங்களிப்புக்காக 2017இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார். ஒரு உண்டியல் காலியானால், பக்கத்து உண்டியலில் பணம் இருந்தாலும் நாம் வரம்பு மீறிவிட்டதாகவே உணர்கிறோம்.

இதில் கவனிக்க வேண்டியது, மளிகை உண்டியலுக்கு அளவு குறித்தது எப்போது என்பதே. பெரும்பாலான வீடுகளில் அந்த அளவு எப்போதோ ஒருமுறை, வேறு விலைகளும் வேறு வயதுப் பிள்ளைகளும் இருந்த காலத்தில் குறித்தது. அதன் பின் யாரும் அதைத் தொட்டதில்லை. பழைய சட்டைக்குள் உடம்பு நுழையவில்லை என்று உடம்பைக் குறை சொல்வதுபோல, பழைய அளவுக்குள் இன்றைய செலவு அடங்கவில்லை என்று நம்மையே நொந்துகொள்கிறோம்.

சில மாதங்களில் மட்டும் காரணமே இல்லாமல் வரம்பு மீறுகிறது. எங்கே தவறு?

வாரத்துக்கு ஒருமுறை வாங்கும் பழக்கம் இருந்தால் முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். மாதத்துக்கு நான்கு வாரம் என்று நாம் கணக்கிடுகிறோம். பன்னிரண்டு மாதத்துக்கு அது 48 வாரம்தான். ஆண்டுக்கு 52 வாரங்கள் இருப்பதால், எஞ்சிய நான்கு வாரங்களும் எங்கோ சில மாதங்களில் ஐந்தாவது கடைப் பயணமாக வந்து நிற்கின்றன. நான்குக்குப் பதில் ஐந்து என்றால் அந்த மாதச் செலவு 25 சதவீதம் கூடித்தான் தெரியும். இதில் யாருடைய ஊதாரித்தனமும் இல்லை. ஆண்டுத் தொகையை 52ஆல் வகுத்து வாரக் கணக்காக வைத்துக்கொண்டால் இந்த மாயத் தோற்றம் மறைந்துவிடும்.

அடுத்து ரசீதைப் பிரித்துப் பாருங்கள். சோப்பு, சலவைத்தூள், பற்பசை, தரை துடைக்கும் திரவம், மின்கலம் ஆகிய அனைத்தும் ஒரே கடையில் கிடைப்பதால் ஒரே தொகையில் கலந்துவிடுகின்றன; பிறகு அந்த மொத்தத்தையும் "சாப்பாட்டுக்கே இவ்வளவா" என்று நினைத்து மலைக்கிறோம்.

வருமானத்தில் எத்தனை சதவீதத்தை மளிகைக்குச் செலவழிப்பது சரி?

எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் கிடையாது. அப்படி ஒரு எண்ணை யாராவது உறுதியாகச் சொன்னால் அவரிடம் சற்று எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

ஜெர்மானியப் புள்ளியியலாளர் எர்ன்ஸ்ட் எங்கல் 1857இல் தொழிலாளர் குடும்பங்களின் வரவு செலவுகளை ஆராய்ந்து ஓர் உண்மையை எடுத்துக்காட்டினார். (மார்க்ஸின் தோழரான ஏங்கெல்ஸ் வேறு, இவர் வேறு.) வருமானம் கூடக் கூட உணவுக்குச் செலவாகும் தொகை கூடினாலும், மொத்தத்தில் உணவு பிடிக்கும் பங்கு குறைந்துகொண்டே போகும் என்பதே அது. திருப்பிப் படித்தால் நம் கேள்விக்கு விடை கிடைக்கும்: வருமானம் குறைவாக உள்ள குடும்பத்தில் உணவின் பங்கு பெரிதாகத்தான் இருக்கும். அது அந்தக் குடும்பத்தின் சிக்கனக் குறைவுக்குச் சான்று ஆகாது. பாதி வருமானத்தை உணவுக்குக் கொடுக்கும் குடும்பம், பத்தில் ஒரு பங்கு மட்டும் கொடுக்கும் குடும்பத்தைவிடக் கட்டுப்பாடாக வாழ்ந்துகொண்டிருக்கக்கூடும்.

வேறொரு வீட்டோடு ஒப்பிடுவதாக இருந்தால் ஆட்களின் எண்ணிக்கையையும் வயதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். குடும்பங்களின் வருமானத்தை ஒப்பிடுவதற்குப் புள்ளியியல் துறையில் பரவலாகப் பயன்படும் ஓர் அளவுகோலில், முதல் பெரியவருக்கு 1, அடுத்தடுத்த பெரியவருக்கு 0.5, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 0.3 என்று மதிப்பு கொடுக்கிறார்கள். அதன்படி இருவர் உள்ள வீடு 1.5, அவர்களோடு இரு சிறு பிள்ளைகளும் இருந்தால் 2.1. ஆனால் இந்த அளவுகோல் வீட்டுச் செலவு முழுவதற்குமானது. கூரையையும் விளக்கையும் நால்வர் பகிர்ந்துகொள்வதுபோல் தட்டில் உள்ளதைப் பகிர்ந்துகொள்ள முடியாது. ஆகவே உணவில் தலைக்கு ஆகும் செலவு இந்த எண்கள் காட்டும் அளவுக்குக் குறையாது.

விலை ஏறியதால் செலவு கூடியதா, நான் அதிகமாக வாங்கியதால் கூடியதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது?

உறுத்தலைத் தீர்க்கும் கேள்விகளில் இதற்கு ஈடான இன்னொன்றை நான் கண்டதில்லை. விடை காண்பதற்குப் பழைய ரசீது ஒன்றும் கால் மணி நேரமும் போதும்.

வழக்கமாக வாங்கும் பொருள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒன்றின் விலை 40 அலகு, 10 வாங்கினீர்கள், மொத்தம் 400. இப்போது விலை 48, நீங்கள் 9 மட்டுமே வாங்கினீர்கள், மொத்தம் 432. ரசீதைப் பார்த்தால் 32 அலகு கூடுதல். ஆனால் இந்த 9 பொருளையும் பழைய விலைக்கே வாங்கியிருந்தால் 360தான் ஆகியிருக்கும். அதாவது நீங்கள் குறைத்து வாங்கியதால் 40 மிச்சப்பட்டிருக்கிறது, விலையேற்றம் 72ஐ விழுங்கியிருக்கிறது. உண்மையில் கையை இறுக்கிப் பிடித்த மாதத்தில், தாராளமாகச் செலவழித்துவிட்டதாக நினைத்துத் தூக்கம் கெட்டவர்கள் எத்தனை பேரோ. இப்படிப் பத்துப் பொருள்களுக்குச் செய்து பார்த்தால் போதும், படம் தெளிந்துவிடும்.

உலக அளவிலேயே விலைகள் எப்படித் துள்ளின என்பதற்கு ஐக்கிய நாடுகள் உணவு வேளாண் அமைப்பின் உணவு விலைக் குறியீடு ஓர் அடையாளம். 2014 முதல் 2016 வரையிலான சராசரியை 100 என்று கொண்ட அந்தக் குறியீடு, 2022 மார்ச்சில் ஏறத்தாழ 160ஐத் தொட்டு, அதுவரை இல்லாத உச்சத்துக்குச் சென்றது. அந்தக் குறியீடு சர்வதேசச் சந்தையில் விற்கும் அடிப்படைப் பண்டங்களுக்கானது. கடையில் நாம் கொடுக்கும் விலை அதே வேகத்தில் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. குறிப்பாக, இறங்குவதற்கு அதற்கு மனமே வருவதில்லை.

மேலும், விலை ஏறாததுபோல் தோன்றும் ஏற்றமும் ஒன்று உண்டு. 500 கிராம் பொட்டலம் அதே விலையில் 450 கிராமாகச் சுருங்கினால், கிராமுக்கு நாம் கொடுப்பது ஏறத்தாழ 11 சதவீதம் கூடிவிடுகிறது. பொட்டலம் முன்கூட்டியே தீர்ந்துபோவதைக் கண்டு "வீட்டில் யாரோ அதிகமாக எடுக்கிறார்கள்" என்று சந்தேகப்படுவதற்கு முன், உறையில் அச்சான எடையைப் பார்த்துவிடுங்கள்.

பிள்ளைகள் வளர வளர மளிகைச் செலவு ஏறிக்கொண்டே போகிறது. எங்கே நிற்கும்?

வளர்ச்சி நிற்கும்போது நிற்கும். இதை நகைச்சுவையாகச் சொல்லவில்லை. உணவு வேளாண் அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. பல்கலைக்கழகமும் சேர்ந்து 2004இல் வெளியிட்ட மனித ஆற்றல் தேவை அறிக்கையின்படி, மிதமாக ஓடியாடும் 17 வயதுப் பையன் ஒருவனுக்கு நாளொன்றுக்குச் சுமார் 3,400 கிலோ கலோரி வேண்டும். அதே வயதுப் பெண்ணுக்குச் சுமார் 2,500. மேசையில் உட்கார்ந்து வேலை பார்க்கும் பெற்றோரைவிட அந்தப் பையனுக்கு அதிகம் தேவைப்படுவது வியப்பில்லை. பாலூட்டும் தாய்க்கும் முதல் ஆறு மாதங்களில் நாளொன்றுக்குச் சுமார் 500 கிலோ கலோரி கூடுதலாகத் தேவை.

மேலே சொன்ன அளவுகோலிலும் பிள்ளைக்குப் பதினான்கு வயதானவுடன் 0.3 என்பது 0.5 ஆகிவிடுவதைக் கவனித்திருப்பீர்கள். பட்ஜெட் போடும் பழக்கமுள்ளவர்கள் பிள்ளைகளின் பிறந்தநாளில் மளிகைத் தொகையையும் ஒருமுறை திருத்தி எழுதிவிட்டால், ஆண்டு முழுவதும் மனத்தாங்கல் இருக்காது.

இந்த உறுத்தல் நியாயமானதா, வீணானதா என்று எப்படிப் பிரித்தறிவது?

குற்ற உணர்வையும் வெட்க உணர்வையும் உளவியலாளர்கள் வேறுபடுத்துவார்கள். ஜூன் டாங்னி போன்றோர் இதைப் பற்றி நெடுங்காலம் ஆராய்ந்திருக்கிறார்கள். "நான் செய்த இந்தச் செயல் சரியில்லை" என்பது குற்ற உணர்வு. "நானே சரியில்லை" என்பது வெட்கம். முன்னதைக் கொண்டு செயலைத் திருத்திக்கொள்ளலாம். பின்னது பெரும்பாலும் நம்மை ஒளிந்துகொள்ளவே வைக்கும். ஆகவே உங்கள் மனம் எந்த வாக்கியத்தைச் சொல்கிறது என்று முதலில் கேளுங்கள். "அந்தப் பெரிய பொட்டலம் தேவையில்லாமல் வாங்கியது" என்று சொன்னால் அது பயனுள்ள குரல். "எனக்குக் குடும்பம் நடத்தவே தெரியவில்லை" என்று சொன்னால், ஒரு ரசீதைப் பார்த்து வாழ்க்கைக்கே தீர்ப்பு எழுதும் குரல் அது. அதற்குக் காது கொடுக்க வேண்டியதில்லை.

பிறகு, அந்தக் கூடுதல் தொகை யாருக்கோ எதற்கோ கொடுக்க வேண்டியதைத் தின்றுவிட்டதா என்று பாருங்கள். வாடகையோ, கடன் தவணையோ, மருந்துச் செலவோ, அவசரத்துக்கு ஒதுக்கியதோ தடைப்பட்டிருந்தால் உறுத்தல் நியாயமானதே. எதுவும் தடைப்படவில்லை, வாங்கியது உண்ணப்பட்டது, வீட்டில் உள்ளவர்கள் அறிந்தே நடந்தது என்றால், அந்த உறுத்தல் பிடித்துக்கொள்வதற்குக் காரணம் ஏதும் இல்லை. பழக்கத்தால் வருகிறது, பழக்கத்தால் போகும். நியாயமான உறுத்தலுக்கும்கூட விலையுயர்ந்த தண்டனை தேவையில்லை. அடுத்த பட்டியலில் ஒரு திருத்தம் போதும்.

வாழ்க்கைத்துணை என்ன சொல்வாரோ என்று ரசீதை மறைத்துவிடுகிறேன். இது பெரிய தவறா?

மறைப்பதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு அநீதி ஒளிந்திருக்கிறது: உண்பது எல்லோரும், உறுத்தல் மட்டும் பை தூக்குபவருக்கு. கடைக்குப் போகும் பொறுப்பை ஏற்றவர் குடும்பத்தின் சார்பில் வாங்கும் முகவர்தான். தொகை முழுவதும் அவருடைய சொந்தச் செலவுபோல் அவர் கணக்கில் ஏறுவது எந்தக் கணக்கியலிலும் சேராது. ஆனால் பல வீடுகளில் நடப்பது இதுவே. வாங்காதவர் விலையை அறியமாட்டார். விலையை அறியாதவருக்கு எந்தத் தொகையும் அதிகமாகவே தெரியும்.

ஆகவே முதலில் நான் சொல்வது, ஒரு மாதத்துக்கு ஆளை மாற்றிப் பாருங்கள் என்பதே. அதே பட்டியல், அதே கடை. மற்றவர் போய் வாங்கி வரட்டும். எங்கள் வீட்டில் இதைச் செய்து பார்த்தபோது, பட்டியலில் இருந்ததில் முக்கால் பங்கை மட்டும் வாங்கி வந்தவர், வழக்கமான மொத்தத்தை எட்டிய ரசீதை நீட்டி, எதுவும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அதன் பிறகு அந்தப் பேச்சு அடங்கியது.

அடுத்து, பேச வேண்டிய நேரம் ரசீது வந்த மாலை அல்ல. அது தற்காப்பு வழக்காகவே முடியும். மாதம் தொடங்கும் முன், இருவரும் அமைதியாக இருக்கும் ஒரு வேளையில், "இந்தத் தொகைக்குள் என்னென்ன வேண்டும், எதை விடலாம்" என்று சேர்ந்து முடிவு செய்யுங்கள். எது வேண்டாம் என்பதை ஒருவர் மட்டும் தீர்மானிக்கும்வரை அந்த உறுத்தல் ஒருவரிடமே இருக்கும்.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். துணை ஒவ்வொரு சில்லறைக்கும் கணக்குக் கேட்பது, உணவுக்கே பணம் தர மறுப்பது, ரசீதைக் காட்டவே நீங்கள் அஞ்சும்படி நடந்துகொள்வது ஆகியவை பட்ஜெட் பிரச்சினைகள் அல்ல. பணத்தைக் கொண்டு ஒருவரை அடக்கி வைப்பது வன்முறையின் ஒரு வடிவம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடமோ உதவி அமைப்பிடமோ அதைப் பேசுவது அவசியம்.

மற்றவர்களுக்காக வாங்கும்போது உறுத்துவதில்லை. எனக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக் கூடையில் போட்டால் உடனே உறுத்துகிறது, திரும்ப வைத்துவிடுகிறேன்.

வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி வாழ்ந்தவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களிடம் இது அதிகம். பட்டியலில் எல்லோருடைய விருப்பத்துக்கும் ஒரு வரி உண்டு, எழுதியவருடைய விருப்பத்துக்கு மட்டும் இல்லை. கேட்டால் "எனக்கு எதுவானாலும் சரி" என்பார்கள். சிறு தொகைதானே என்று தோன்றலாம். ஆனால் ஆண்டுக்கணக்கில் தன் பங்கை மட்டும் திரும்ப வைத்துக்கொண்டே வரும் ஒருவர், ஒருநாள் மற்றவர்களின் பங்கைக் கணக்குப் பார்க்கத் தொடங்குவார். அந்தக் கசப்பு கடைசியில் அந்தப் பொருளைவிட விலை கூடியதாகிவிடும்.

பட்டியலில் உங்கள் பெயருக்கு ஒரு வரியை நிரந்தரமாக எழுதிவிடுங்கள். கடையில் நின்று முடிவு செய்தால் அது சலுகைபோல் தெரியும். வீட்டிலேயே எழுதிக்கொண்டு போனால் அது பட்டியலின் ஒரு பகுதி.

இப்போது கையில் போதிய பணம் இருக்கிறது. ஆனாலும் இல்லாமையில் வளர்ந்த பழக்கத்தால் எதை எடுத்தாலும் கை நடுங்குகிறது.

ஸ்காட் ரிக், சிந்தியா கிரைடர், லோவன்ஸ்டைன் ஆகியோர் 2008இல் வெளியிட்ட ஆய்வில், 13,000க்கும் மேற்பட்டோரிடம் செலவழிக்கும் இயல்பைப் பற்றிக் கேட்டார்கள். தாம் விரும்பும் அளவைவிட அதிகமாகச் செலவழிப்பவர்களைக் காட்டிலும், விரும்பும் அளவுக்குச் செலவழிக்க இயலாமல் வலியால் பின்வாங்குபவர்களே அவர்களிடையே அதிகம் இருந்தார்கள். ஏறத்தாழ இருவருக்கு மூவர் என்ற விகிதம். சிக்கனமானவர் சேமிப்பில் மகிழ்கிறார். இவர்கள் செலவில் வேதனைப்படுகிறார்கள். இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும்.

இந்த நடுக்கத்தை அறிவுரையால் போக்க முடியாது. குடும்பத்தின் நலம் தொடர்பான செலவு என்று மாதத்தொடக்கத்திலேயே ஒரு தொகையைத் தனியே எடுத்து வைத்து, "இது ஏற்கெனவே செலவாகிவிட்ட பணம்" என்று மனத்தில் எழுதிக்கொள்வது சிலருக்கு உதவுகிறது. முடிவு ஒருமுறை நடந்துவிட்டால், கடையில் நிற்கும்போது மீண்டும் வழக்கு நடத்த வேண்டியதில்லை.

சலுகை என்று பார்த்து மொத்தமாக வாங்கிவிட்டு, பிறகு வருந்துகிறேன்.

சலுகையில் மிச்சப்பட்ட தொகையை ரசீது கொட்டை எழுத்தில் காட்டும். வீணாகப் போகும் தொகையை எந்த ரசீதும் காட்டாது. மூன்று வாங்கினால் மூன்றில் ஒரு பங்கு விலை குறைவு என்று வைத்துக்கொள்வோம். அந்த மூன்றில் ஒன்று கெட்டுப்போனால், உண்ட இரண்டுக்கும் நீங்கள் கொடுத்தது முழு விலையேதான். கெடாத பொருள், வழக்கமாகத் தீரும் பொருள், வைக்க இடமுள்ள பொருள் என்றால் தயங்காமல் வாங்குங்கள். அந்த மாதம் கணக்கில் துண்டு விழுந்தாலும் அடுத்த மாதங்களில் ஈடாகும். விலைச்சீட்டில் கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்று சிறிய எழுத்தில் இருப்பதைப் படிக்கும் பழக்கம் வேண்டும். பெரிய பொட்டலம் எப்போதும் மலிவு என்பதற்கு உறுதி கிடையாது.

பசியோடு கடைக்குப் போகக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்கும் ஆதாரம் உண்டு. 1969இல் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் டேவிட் கனூஸும் கடைக்கு வந்தவர்களை ஆராய்ந்தபோது, இயல்பான எடையுள்ளவர்கள் உண்டு நெடுநேரமான பின் வந்தால் அதிகமாக வாங்கினார்கள்.

வாங்கியதைக் குப்பையில் கொட்டும்போது வரும் வருத்தத்தையும் விட்டுவிடச் சொல்வீர்களா?

மாட்டேன். மளிகையை ஒட்டி வரும் உறுத்தல்களில் இது ஒன்றுதான் பெரும்பாலும் சரியான இடத்தைச் சுட்டுகிறது என்பது என் கருத்து. ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் 105 கோடி டன் உணவு வீணானது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. வீணான அந்த 105 கோடி டன், நுகர்வோருக்குக் கிடைத்த மொத்த உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. கூடுதலாக வாங்கியதற்காக வருந்துபவர்கள் பலர். கொட்டியதைக் குறித்து வைப்பவர்கள் மிகச் சிலர். இரண்டு வாரத்துக்குக் குப்பையில் போன உணவை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அதே இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவற்றைப் பட்டியலில் பாதியாகக் குறைத்தால், மற்ற எதையும் தொட வேண்டிய தேவை வராமலும் போகலாம்.

தேதி கடந்தது என்று அவசரப்பட்டுக் கொட்டுவதும் உண்டு. இந்தத் தேதிக்கு முன் உண்டால் சிறப்பாக இருக்கும் என்ற வகைத் தேதி, சுவையையும் தரத்தையும் குறிப்பது. சரியாகப் பாதுகாத்த பொருள் அதன் பிறகும் உண்ணத் தக்கதாக இருக்கலாம். இந்தத் தேதிக்குள் பயன்படுத்துக என்பது பாதுகாப்பைக் குறிப்பது. அதை மீறக் கூடாது.

மாதக் கடைசியில் மளிகையைக் கிரெடிட் கார்டில் வாங்குகிறேன். அது பரவாயில்லையா?

மாத முடிவில் முழுத்தொகையையும் கட்டிவிடுகிறீர்கள் என்றால் அது வெறும் செலுத்தும் வழி. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி மீதியைத் தள்ளிவைக்கிறீர்கள் என்றால், உண்டு செரித்துப்போன உணவுக்கு மாதக்கணக்கில் வட்டி கட்டுகிறீர்கள். இந்த நிலை இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால் மளிகையைச் சுருக்குவதால் மட்டும் தீராது. மாதச் செலவின் மற்ற பெரிய தலைப்புகளையும் கடன்களையும் ஒருசேர எடுத்து வைத்துப் பார்க்க வேண்டும். கடன் கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே பேசித் தவணையை மாற்றக் கேட்பதில் அவமானம் எதுவும் இல்லை.

பிள்ளைகளுக்குப் போதட்டும் என்று நான் சில வேளை சாப்பிடாமல் இருந்துவிடுகிறேன்.

அப்படியானால் உங்களுடையது கூடுதல் செலவு பற்றிய கேள்வியே இல்லை. பணமின்மையால் ஒரு வேளை உணவைத் தவிர்க்க நேர்ந்ததா என்பது, உணவுப் பற்றாக்குறையை அளப்பதற்கு உணவு வேளாண் அமைப்பு கேட்கும் எட்டுக் கேள்விகளில் ஒன்று. அதாவது, இது ஒருவருடைய நிர்வாகத் திறமையைப் பற்றிய விஷயமாக அங்கே கருதப்படுவதில்லை. உதவி தேவைப்படும் நிலை என்றே கருதப்படுகிறது. அரசு உதவியோ, உணவு வழங்கும் அமைப்போ, உறவினரோ, எது எட்டும் தூரத்தில் இருக்கிறதோ அதைக் கேளுங்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் உடம்புக்கும் சோறு வேண்டும்.

உறுத்தல் எப்போது மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ பேச வேண்டிய அளவுக்குப் போகிறது?

வசதி இருந்தும் உணவைக் குறைத்துக்கொள்வது, ரசீதை எண்ணி எண்ணித் தூக்கம் இழப்பது, கடைக்குப் போவதையே தவிர்ப்பது, வாங்கியதைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பது ஆகியவை வாரக்கணக்கில் தொடர்ந்தால் பேசுங்கள். அப்போது மளிகை ஒரு சாக்கு. கவலை வேறு எங்கோ வேர்விட்டிருக்கலாம்.

இந்த மாதம் ஏற்கெனவே கூடிப்போய்விட்டது. இப்போது என்ன செய்வது?

மீதி நாட்களைப் பட்டினிபோல் நடத்தி ஈடுகட்ட முயலாதீர்கள். அப்படி இறுக்கிய கயிறு அடுத்த மாத முதல் வாரத்தில் இன்னும் பெரிய ரசீதாக அவிழும். அலமாரியையும் குளிர்சாதனப் பெட்டியின் பின்வரிசையையும் வெளியே எடுத்து, இருப்பதை ஒரு தாளில் எழுதுங்கள். பல வீடுகளில் மூன்று நான்கு வேளைக்கு வேண்டியது அங்கேயே இருக்கும். அதன் பிறகு, கூடிய தொகைக்குப் பக்கத்தில் அதன் காரணத்தையும் எழுதுங்கள்: விருந்தினர் வந்தது, விலை ஏறியது, ஐந்தாவது வாரம், சலுகையில் சேர்த்து வைத்தது, தேவையில்லாமல் எடுத்தது. கடைசிக் காரணத்துக்கு எதிரில் எவ்வளவு வருகிறது என்று கூட்டிப் பார்த்து, அந்தத் தொகையை மட்டும் அடுத்த மாதப் பட்டியலில் கழித்துக்கொள்ளுங்கள்.